கியூபாவில் ஒரு வீட்டு விருந்தாளி

கனடாவில் பனி கொட்டத் தொடங்கியதும், ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களில் வசதி படைத்த பலர் ஒரு வார விடுமுறைக்காகக் கியூபா சென்று திரும்புவது நீண்டகால வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஹவானாவுக்குக் கிழக்கேயுள்ள வரதேரோ கடற்கரையில் இறங்கிக் கையில் ஒரு நிறப்பட்டியைக் கட்டிக்கொண்டால், உணவும் குடிவகையும் கடலும் வெயிலும் முன்கூட்டியே செலுத்தப்பட்ட ஒரே தொகைக்குள் அடங்கிவிடும். ஏழு நாட்களின் பின்னர் திரும்பி வருபவரிடம் கியூபாவைப் பற்றிக் கேட்டால், கடல்நீரின் நிறத்தையும் ஹோட்டல் உணவின் தரத்தையும் பற்றிச் சொல்வார். கியூபக் குடும்பமொன்றின் அடுப்படியை அவர் கண்டிருக்க மாட்டார். அது அவருடைய தவறு அல்ல. அந்த ஏற்பாடே அவ்வாறுதான் அமைந்துள்ளது.

ஸ்காபரோவில் வசிக்கும் என் மைத்துனர் ஒருவரும் முதற்றடவை இவ்வாறே சென்று வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருக்கு அந்தப் பயணம் திருப்தியளிக்கவில்லை. 2016 ஆம் ஆண்டில் இரண்டாவது தடவை சென்றபோது ஹோட்டலைத் தவிர்த்து, திரினிதாத் என்ற பழைய நகரில் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஒன்பது இரவுகள் தங்கினார். காலையில் கோப்பி கொண்டுவந்து வைக்கும் வீட்டுக்காரப் பெண்மணி ஒரு பல் வைத்தியர் என்பது மூன்றாம் நாளிலேயே அவருக்குத் தெரியவந்தது. வைத்தியத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் மேசையிலிருந்த காலை உணவுத் தட்டைச் சுட்டிக்காட்டினாராம். அந்தத் தட்டுக்கு மைத்துனர் கொடுத்த ஐந்து டொலர் பெறுமதியான பணம், அரச வைத்தியசாலையில் அவர் முன்னர் பெற்ற ஒரு வாரச் சம்பளத்துக்குச் சற்றேறக்குறையச் சமமானது.

நம்மில் பலருக்குக் கியூபா என்றதும் பிடல் கஸ்ட்ரோவும், 1959 இல் இலங்கைக்கு வந்து ஹொரணைப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றில் மரம் நட்டுச் சென்ற சே குவேராவும்தான் நினைவுக்கு வருவர். அவர்கள் உருவாக்கிய நாட்டின் பிற்கால வரலாற்றை ஒரு வீட்டின் விருந்தினர் அறைக்குள் இருந்தும் படிக்க முடியும். அந்த அறையின் வாடகை, வரி, அங்கு தங்கக்கூடியவர் யார், தங்கக்கூடாதவர் யார் என்பன அனைத்தையும் இரண்டு அரசாங்கங்கள் தீர்மானித்து வந்துள்ளன. ஒன்று ஹவானாவில் இருக்கிறது. மற்றது வாஷிங்டனில் இருக்கிறது. அறையைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்கும் குடும்பத்துக்கு இத்தீர்மானங்களில் பங்கேதும் இல்லை.

இத்தகைய வீடுகளைக் கியூபாவில் ‘காசா பர்த்திகுலார்’ என்பர். ஸ்பானிய மொழியில் ‘தனியார் வீடு’ என்பதற்கு மேல் அச்சொல்லில் விசேடம் எதுவுமில்லை. ஆயினும் கடைகளும் பண்ணைகளும் தொழிற்சாலைகளும் அரசுக்கே உரியனவாக இருந்த நாட்டில் ‘தனியார்’ என்ற அடைமொழியே போதிய விளம்பரமாக அமைந்துவிட்டது.

இந்த ஏற்பாடு சாத்தியமானமைக்கான காரணம் புரட்சியின் ஆரம்ப நாட்களிலேயே இருக்கிறது. 1960 ஒக்டோபரில் கொண்டுவரப்பட்ட நகர்ப்புறச் சீர்திருத்தச் சட்டம், பல வீடுகளைச் சொந்தமாக வைத்து வாடகையில் வாழ்ந்தோரின் உரிமையை ஒழித்தது. வாடகைக்கு இருந்தவர்கள் அரசுக்குத் தவணைப்பணம் செலுத்திக் காலப்போக்கில் அவ்வீடுகளுக்கு உரிமையாளர்களாகினர். வீட்டை வாடகைக்கு விடுவது தடைசெய்யப்பட்டது. விற்பதும் வாங்குவதும்கூட 2011 வரை தடுக்கப்பட்டிருந்தன. ஒருவர் தம் வீட்டை இன்னொருவரின் வீட்டுடன் மாற்றிக்கொள்ள மட்டுமே முடிந்தது. இதன் விளைவாகக் கையில் பணமில்லாத, ஆனால் தலைக்கு மேல் சொந்தக் கூரையுள்ள குடும்பங்கள் நிறைந்த ஒரு நாடு உருவாகியது. வீட்டு முதலாளிகளை ஒழித்த அதே சட்டந்தான், முப்பத்தேழு ஆண்டுகளின் பின்னர் பல்லாயிரம் சிறிய வீட்டு முதலாளிகள் தோன்றுவதற்கும் வழி வைத்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த மலிவான எண்ணெயும் கடனும் நின்றுபோயின. 1993 ஆம் ஆண்டளவில் நாட்டின் மொத்த உற்பத்தி மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ச்சியடைந்தது. பேருந்துகள் நின்றன, சீனாவிலிருந்து துவிச்சக்கர வண்டிகள் இறக்குமதி செய்யப்பட்டன. 1962 முதல் நடைமுறையிலிருந்த கூப்பன் புத்தகத்துக்குக் கடைகளில் கிடைத்தவை பாதி மாதத்துக்கும் போதவில்லை. ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய நரம்பு நோயினால் ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். இந்த ஆண்டுகளை அரசு ‘சமாதான காலத்தின் விசேட காலகட்டம்’ என்று பெயரிட்டு அழைத்தது. கூப்பன் கடை வரிசையில் நின்ற 1970 களை நினைவில் வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை.

வேறு வழியற்ற நிலையில் கஸ்ட்ரோவின் அரசாங்கம் உல்லாசப் பயணத்துறையை நோக்கித் திரும்பியது. அதுவரை டொலரைக் கையில் வைத்திருப்பதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1993 இல் அது சட்டபூர்வமாக்கப்பட்டது. வெளிநாட்டவர் வரத் தொடங்கினர். ஹோட்டல் கட்டணத்தைச் செலுத்த முடியாதவர்களும் விரும்பாதவர்களும் வீட்டுக் கதவுகளைத் தட்டினர். திறந்தவர்கள் முதலில் இரகசியமாகவே திறந்தனர். தடுக்க முடியாததற்கு வரி விதிப்பது அரசுகளின் பழைய தந்திரம். 1997 ஆம் ஆண்டின் சட்டம், அனுமதிப்பத்திரம் பெற்ற குடும்பங்கள் அறைகளை வாடகைக்கு விடலாம் எனக் கூறியது. வெளிநாட்டவரை ஏற்கும் வீட்டின் கதவில், தலைகீழான நங்கூரம் போன்ற நீல நிறச் சின்னம் ஒட்டப்பட்டது. உள்நாட்டவருக்கு மட்டும் வாடகைக்கு விடும் வீட்டுக்கு வேறு நிறத்திலான அதே சின்னம்.

வரிதான் இந்த ஏற்பாட்டின் கடினமான பகுதி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வோர் அறைக்கும் மாதந்தோறும் ஒரு நிலையான தொகையைச் செலுத்தியாக வேண்டும். ஹவானாவின் முக்கிய பகுதிகளில் அது அறையொன்றுக்கு நூறு டொலரையும் தாண்டியது. ஓர் இரவு வாடகை இருபது முதல் முப்பத்தைந்து டொலர் வரை என்றால், மாதத்தின் முதல் ஐந்தாறு இரவுகள் அரசுக்கே போய்விடும். ஆண்டு முடிவில் வருமான வரி தனியானது. மழையும் சூறாவளியுமான செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அறை வெறுமையாகக் கிடக்கும்போதும் வரி நிற்காது. புதிதாகத் தொடங்கியவர்கள் பலர் ஓரிரு ஆண்டுகளிலேயே அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தனர் என்றால் காரணம் இதுவே.

அடுத்தது பதிவேடு. விருந்தாளி உள்ளே நுழைந்ததும் கோப்பிக்கு முன்னரே கேட்கப்படுவது அவருடைய கடவுச்சீட்டு. பெயர், நாடு, இலக்கம், வந்த நாள், செல்லும் நாள் ஆகிய அனைத்தும் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டு விருந்தாளியின் கையொப்பத்துடன் இருபத்துநான்கு மணித்தியாலங்களுக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட வேண்டும். விருந்தாளியுடன் கியூப நாட்டவர் ஒருவர் அறையில் தங்கினால் அவருடைய விபரமும் எழுதப்பட வேண்டும். தவறினால் தண்டப்பணம், மீண்டும் தவறினால் அனுமதி பறிபோகும். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கிய நம்மவர்களுக்குப் பொலிஸ் பதிவு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு உண்டு. இங்கு அஞ்சியிருந்தவர் தங்க வந்தவர். ஹவானாவில் அஞ்சியிருந்தவர் வீட்டுக்காரர்.

வீட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் அது குடும்பத்தின் மிகச் சிறந்த அறையாகவே இருக்கும். பிள்ளைகள் பாட்டியின் அறைக்கு மாறியிருப்பர். குளிரூட்டி, தனிக் குளியலறை, சுவரில் ஒரு கடற்கரைப் படம், தெருவை நோக்கிய விறாந்தையில் இரண்டு ஆடும் கதிரைகள். திரினிதாத்திலும் புகையிலைப் பள்ளத்தாக்கான வினியாலெசிலும் மாலை வேளைகளில் தெரு முழுவதும் இக்கதிரைகள் ஆடிக்கொண்டிருக்கும். காலை உணவில் பாண், முட்டை, கொய்யா, பப்பாசி, கோப்பி. பப்பாசி என்று நாம் வழங்கும் சொல்லுக்கு நெருங்கிய சொல் ஹவானாப் பேச்சு வழக்கில் ஆபாசமான பொருள் தருவது. அதைச் சொல்லிக் கேட்கும் வெளிநாட்டவரைப் பார்த்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பர். அங்கு அதன் பெயர் ‘புருட்டா பொம்பா’. இரவில் சோறும் கறுப்பு அவரை விதையும் ஒன்றாகச் சமைத்த உணவு. அதற்கு ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்று பெயர். நம் நாட்டில் சோனகரைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய அதே ‘மூர்’ என்ற சொல், ஸ்பெயினின் பல நூற்றாண்டுச் சண்டைகளை நினைவுபடுத்திக்கொண்டு ஹவானாவின் சோற்றுப் பானைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

இன்னுமோர் உணவு உண்டு. அதைப் பற்றிய பேச்சு சற்றுத் தாழ்ந்த குரலில் நடைபெறும். கடற் சிங்கறாலும் மாட்டிறைச்சியும் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள பொருட்கள். முன்னையது ஏற்றுமதிக்கும் அரச ஹோட்டல்களுக்கும் உரியது. தனியார் மேசைகளில் அவற்றைப் பரிமாறுவது நெடுங்காலம் சட்டவிரோதமாக இருந்தது. இருப்பினும் ‘இன்றிரவு சிங்கறால் சாப்பிட விருப்பமா?’ என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் எழுந்தது. விருந்தாளிக்கு அது மலிவான விருந்து. வீட்டுக்காரருக்கு அது ஒரு மாத வரியைச் சமாளிக்கும் வழி; பிடிபட்டால் எல்லாவற்றையும் இழக்கும் வழியும் அதுவே. இந்தக் கேள்விக்கு ஆம் என்று தலையசைப்பவர்கள் அந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை.

தெருவில் நிற்கும் தரகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயணப்பையுடன் பேருந்தை விட்டு இறங்கும் வெளிநாட்டவரை வளைத்துக்கொள்ளும் இளைஞர், அவர் தேடிவந்த வீடு நிரம்பிவிட்டது என்பார், மூடப்பட்டுவிட்டது என்பார், வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றுகூடச் சொல்வார். பின்னர் தாம் அறிந்த வேறொரு வீட்டுக்கு அழைத்துச் செல்வார். அங்கு அவருக்குக் கிடைக்கும் தரகுப்பணம் ஓர் இரவுக்கு ஐந்து டொலர் அளவில், தங்கும் எல்லா இரவுகளுக்கும். அந்தத் தொகை வாடகையில் ஏற்றப்படும், அல்லது குடும்பத்தின் பங்கிலிருந்து கழியும். கையில் விலாசத்தை வைத்துக்கொண்டு தாமே சென்று மணியை அழுத்துபவரைக் குடும்பங்கள் விரும்புவதற்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல.

இதற்கு மாறாக வீட்டுக்காரர்களுக்கிடையே ஓர் அழகிய வலைப்பின்னலும் வளர்ந்தது. நாளை எங்கே செல்கிறீர்கள் என்று கேட்டு, அந்த ஊரிலுள்ள சிநேகிதிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவர். பேருந்து நிற்குமிடத்தில் விருந்தாளியின் பெயரைப் பிழையான எழுத்துக்களில் எழுதிய அட்டையுடன் ஒருவர் காத்திருப்பார். இணையம் அந்நாட்டில் பரவுவதற்கு முன்னரே, தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை குடும்பங்களின் கை மாறிக் கை மாறிப் பயணம் செய்ய முடிந்தது. என் மைத்துனரும் ஹவானாவிலிருந்து திரினிதாத்துக்கு இப்படித்தான் ‘அனுப்பி வைக்கப்பட்டார்’.

இனி அந்தப் பல் வைத்தியரின் தட்டுக்கு வருவோம். கியூபாவில் 1994 முதல் இரண்டு நாணயங்கள் வழங்கின. அரச சம்பளம் சாதாரண பெசோவில் கொடுக்கப்பட்டது. உல்லாசப் பயணியின் பணமோ டொலருக்கு நிகரான, மாற்றத்தக்க பெசோவில் வந்தது. பின்னையதில் ஒன்று முன்னையதில் இருபத்தைந்துக்குச் சமம். ஆகவே மாதம் முழுவதும் பல் பிடுங்கியவர் ஒரே இரவின் அறை வாடகைக்குச் சற்று முன்பின்னான தொகையையே சம்பாதித்தார். சுயதொழிலுக்கென அரசு அனுமதித்த தொழில்களின் பட்டியலில் அறை வாடகைக்கு விடுவது இருந்தது, முடிவெட்டுவது இருந்தது, வைத்தியமோ பொறியியலோ சட்டமோ இருக்கவில்லை. அரசு இலவசமாகக் கற்பித்த கல்வியைத் தனிப்பட்ட இலாபத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதற்கான நியாயம். அந்த நியாயத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் விளைவு, அந்தக் கல்வி கட்டில் விரிப்புகளுக்கு இடையே மடித்து வைக்கப்பட்டது என்பதே.

எல்லாக் குடும்பங்களும் அறை வாடகைக்கு விடும் நிலையில் இருக்கவில்லை. புரட்சிக்கு முன்னர் நல்ல குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அவர்களில் தீவிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததியினரிடமே பெரிய அறைகளும் உயர்ந்த கூரைகளும் உள்ள வீடுகள் இருந்தன. மயாமியில் உறவினர் உள்ளவர்களும் அதிகமாக அவர்களே. அந்த உறவினர் அனுப்பும் பணத்தில் குளியலறையைத் திருத்தி, குளிரூட்டி பொருத்தி, அனுமதிப்பத்திரம் பெற முடிந்தது. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் இடையில் ஒரே ஒழுங்கைக்குள் எழும் வேறுபாடு யாழ்ப்பாணத்து வாசகருக்குப் புதிதன்று. நெருக்கமான மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த கறுப்பினக் கியூபர்கள் பெருமளவில் இதற்கு வெளியிலேயே நின்றனர். இன வேற்றுமையை ஒழித்ததாகப் பெருமை கொண்ட ஒரு புரட்சியின் நாட்டில், அந்த வேற்றுமை வாடகை அறையின் வழியாகப் பின்கதவால் மீண்டும் நுழைந்ததைப் பயணிகளில் சிலரே கவனித்தனர். இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். 2008 மார்ச் வரையில் கியூப மக்கள் தம் சொந்த நாட்டின் உல்லாசப் பயண ஹோட்டல்களில் பணம் செலுத்தியும் தங்க முடியாதிருந்தது. வெளிநாட்டவரைத் தம் படுக்கையறையில் ஏற்ற குடும்பம், அடுத்த தெருவிலிருந்த ஹோட்டலில் அறை கேட்க முடியாது. ராவுல் கஸ்ட்ரோ பதவிக்கு வந்ததும் அத்தடையை நீக்கினார்.

2010 இலிருந்து அவர் சுயதொழில் விதிகளைத் தளர்த்தினார். கூடுதலான அறைகளையும் முழு வீட்டையும் வாடகைக்கு விடவும், ஊழியர்களை அமர்த்தவும் அனுமதி கிடைத்தது. 2014 டிசெம்பரில் அமெரிக்காவுடனான உறவு திருந்தத் தொடங்கியது. 2015 ஏப்ரலில் ஏர்பிஎன்பி நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட கியூப வீடுகளுடன் அங்கு கால்பதித்தது. வீட்டில் இணையம் இல்லாத ஒரு நாட்டில் இணையவழி முன்பதிவு எவ்வாறு நடந்தது என்று கேட்கலாம். அயலில் இணைய வசதியுள்ள ஒருவர் பல வீடுகளின் பதிவுகளைக் கவனித்துச் சிறு கட்டணம் பெற்றார். அதே ஆண்டு நடுப்பகுதியில் பூங்காக்களில் அரசு வை-பை அமைத்த பின்னர் வீட்டுக்காரர்கள் மாலை வேளைகளில் அங்கு கூடினர். 2016 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமா ஹவானாவுக்கு விஜயம் செய்தார். அந்த ஆண்டில் என் மைத்துனர் திரினிதாத் சென்றபோது தெருவில் மூன்றில் ஒரு வீடு சாந்து பூசிக்கொண்டிருந்தது என்கிறார். பல் வைத்தியரும் மேல்மாடியில் இரண்டாவது அறை கட்டிக்கொண்டிருந்தார். கடன் மயாமியிலிருந்த சகோதரருடையது.

வாஷிங்டனின் பங்கை இங்கே விளக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டவர் வெறும் உல்லாசத்துக்காகக் கியூபா செல்ல முடியாது. அனுமதிக்கப்பட்ட சில நோக்கங்களுக்குள் தம் பயணம் அடங்குவதாகக் காட்ட வேண்டும். அவற்றுள் ஒன்று ‘கியூப மக்களுக்கு ஆதரவு’ என்பது. 2017 இல் ட்ரம்ப் நிர்வாகம் விதிகளை இறுக்கியபோது, தனியார் வீட்டில் அறை எடுத்துத் தங்குவதையும் தனியார் உணவகத்தில் உண்பதையும் இந்த ஆதரவுக்கு உதாரணமாகவே விதிகளில் எழுதியது. கியூப ஹோட்டல்களில் பெருந்தொகையானவை இராணுவத்துடன் இணைந்த கயேசா என்ற நிறுவனக் கூட்டத்துக்கு உரியவை என்பதால் அவற்றுக்குப் பணம் போகக்கூடாது என்பது வாதம். 2020 இல் நானூறுக்கும் அதிகமான தங்குமிடங்கள் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆக, சோஷலிச அரசு பட்டினியின் காரணமாக வேண்டாவெறுப்போடு அனுமதித்த வீட்டு அறை, முதலாளித்துவ அரசின் சட்டத்தில் பயணிக்கு விதிக்கப்பட்ட தங்குமிடமாகியது.

காகிதத்தில் இது குடும்பங்களுக்கு நன்மை போலத் தோன்றும். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. அதே நிர்வாகம் 2019 இல் குழுப் பயணங்களைத் தடை செய்தது. ஹவானா தவிர்ந்த நகரங்களுக்கான அமெரிக்க விமான சேவைகளை நிறுத்தியது. 2021 ஜனவரியில் கியூபாவைப் பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. இந்தக் கடைசி நடவடிக்கையின் பக்கவிளைவு ஐரோப்பாவரை சென்றது. அதன் பின்னர் கியூபாவில் கால்வைத்த ஐரோப்பியர் ஒருவர், அமெரிக்காவுக்கு விசா இன்றிச் செல்லும் எளிய வழியை இழந்து தூதரக வாசலில் நிற்க வேண்டும். திரினிதாத்துக்கு ஒரு வாரம் போவதா, என்றோ ஒருநாள் நியூயோர்க் செல்லும் வசதியைக் காப்பதா என்று யோசித்த பிரெஞ்சுக்காரரும் ஜேர்மனியரும் பலர் வேறு தீவுகளைத் தெரிவு செய்தனர். அவர்கள் ஹோட்டலை மட்டுமல்ல, வீடுகளையும் சேர்த்தே தவிர்த்தனர். ஆதரிப்பதாகச் சொல்லப்பட்ட மக்களின் அறைகளே முதலில் வெறுமையாகின. 2025 ஜனவரியில் பைடன் அப்பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். ஒரு வாரத்துக்குள் ட்ரம்ப் மீண்டும் சேர்த்தார்.

ஹவானாவின் பொறுப்பையும் மறைக்க வேண்டியதில்லை. பெருந்தொற்றின் நடுவே 2021 ஜனவரியில் இரட்டை நாணய முறையை ஒழித்தபோது விலைவாசி கட்டுக்கடங்காமல் எகிறியது. உத்தியோகபூர்வமாக 24 பெசோவாக நிர்ணயிக்கப்பட்ட டொலர், 2024 இல் தெருவில் 300 பெசோவைத் தாண்டியது. மின்நிலையங்கள் பழுதுபார்க்கப்படாமலும் எரிபொருள் இல்லாமலும் நின்றன. அந்த ஆண்டுகளிலும் புதிய ஹோட்டல்கள் வானை நோக்கி எழுந்தவண்ணமே இருந்தன. ஹவானாவின் வெதாதோ பகுதியில் நாற்பது மாடிகளுக்கு மேல் எழுந்த ஹோட்டல் 2025 இல் திறக்கப்பட்டது. 2018 இல் 47 இலட்சம் பயணிகள் வந்த நாட்டுக்கு 2024 இல் வந்தவர்கள் 22 இலட்சம் பேர் மட்டுமே. யாருக்காக அந்த மாடிகள் என்ற கேள்வியைக் கியூபப் பொருளியலாளர்களே எழுப்பினர்.

2024 ஒக்டோபர் 18 அன்று நாடளாவிய மின்வலையமைப்பு முற்றாகச் செயலிழந்தது. அடுத்த மாதங்களிலும் அது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. 2022 இல் நாம் அனுபவித்த பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நினைவில் வைத்திருப்பவர் இதை ஓரளவு ஊகிக்கலாம். ஹோட்டலில் மின்பிறப்பாக்கி இருக்கும். வீட்டில் மெழுகுவர்த்தியும் மின்கலத்தில் சுழலும் சிறிய விசிறியும் இருக்கும். தண்ணீரை மேல்மாடித் தாங்கிக்கு ஏற்றும் பம்பியும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியில் விருந்தாளிக்கென வைத்த கோழி ஒரே இரவில் பழுதாகிவிடும். முட்டை அடங்கிய அட்டையொன்றின் விலை ஒரு சராசரி மாதச் சம்பளத்தின் பாதியை விழுங்கும் காலமும் வந்தது. காலை உணவுத் தட்டில் மாற்றமில்லை. அதை நிரப்புவதற்கு வீட்டுக்காரர் ஓடும் தூரம் மாறிவிட்டது.

இந்த நிலையிலும் கியூபா செல்வோர் உண்டு. செல்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில. அமெரிக்க வங்கி அட்டைகள் அங்கு பயன்படா. யூரோவோ டொலரோ சிறு தாள்களில் கைப்பணமாகக் கொண்டுசெல்வது நல்லது. வீட்டை நேரடியாகத் தொடர்புகொண்டு பதிவு செய்தால் இடையில் கழியும் பணம் குறையும். இரவுணவையும் வீட்டிலேயே உண்பதாகக் காலையில் சொல்லிவிட வேண்டும்; குடும்பத்துக்கு இலாபம் அறையிலும் பார்க்கச் சமையலில் அதிகம், பொருட்களைத் தேடுவதற்கும் நேரம் வேண்டும். காய்ச்சல் மாத்திரை, இரத்த அழுத்த மருந்து, கிருமிநாசினிக் களிம்பு ஆகியன எந்தப் பரிசுப் பொருளிலும் மேலானவையாகக் கருதப்படும். அரசியலை விருந்தாளி தொடங்கி வைக்கக் கூடாது. வீட்டுக்காரரே தொடங்கினால் கேட்கலாம். கேட்டதைப் பெயரோடும் படத்தோடும் இணையத்தில் போட்டு அவர்களின் அனுமதிப்பத்திரத்தைப் பறித்துவிடக் கூடாது. கட்டணம் செலுத்தியதால் உபசாரம் பொய்யாகிவிடுமோ என்று சிலர் கேட்பதுண்டு. பணம் கொடுத்தவருக்குக் கதவு திறக்கப்படுகிறது என்பது உண்மை. நோயுற்ற விருந்தாளிக்கு நள்ளிரவில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதை எந்தக் கட்டணப் பட்டியலிலும் காணவில்லை என்பதும் உண்மை. மைத்துனருக்கு அது நடந்தது.

2021 இன் இறுதியில் 1 கோடி 11 இலட்சமாக இருந்த கியூபாவின் மக்கள் தொகை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடியாகக் குறைந்துவிட்டதாக அரசின் புள்ளிவிபரத் துறையே 2024 இல் ஒப்புக்கொண்டது. சென்றவர்களில் பெரும்பாலானோர் வேலை செய்யும் வயதினர். இணையத்தில் வீட்டு விற்பனை விளம்பரங்கள் பெருகின; உள்ளே இருக்கும் அனைத்துடனும் விற்பனைக்கு என்பது அவற்றில் அடிக்கடி காணும் வாசகம்.

திரினிதாத் பல் வைத்தியரின் மகள் 2022 இல் நிக்கராகுவா வழியாக வட திசை நோக்கிப் போய்விட்டாராம். தாயார் வீட்டை விற்பதற்கு விளம்பரம் செய்துள்ளார். இரண்டு அறைகளின் கட்டில்களும் குளிரூட்டிகளும் விறாந்தைக் கதிரைகளும் விலைக்குள் அடங்கும். வாங்குவதற்கு ஆள் வரவில்லை. கடந்த ஆண்டு மைத்துனர் நலம் விசாரித்து எழுதியதற்கு வந்த பதிலில், மேல்மாடி அறை வெறுமையாகத்தான் இருக்கிறது, எந்த மாதத்திலும் வரலாம் என்று எழுதியிருந்தார். வருவதானால் ஒரு வாரத்துக்கு முன்னர் அறிவிக்கும்படியும் கேட்டிருந்தார். முட்டை தேட வேண்டுமாம்.